சதாம் உசேனின் ஏழு வருடங்கள்

தலைப்பைப் பார்த்ததும் இராக் ஞாபகம் வந்தால் அது உங்கள் தப்பு இல்லை. நான் சொல்ல வந்த சதாம் உசேன் வேறு ஆள். கராச்சிக்காரர், 1993-ல் பிறந்தவர், கால்பந்தில் நடுக்கள ஆட்டக்காரர். நம் காலத்தில் ‘ஹாஃப்’ என்போம். இப்போது பேரப்பிள்ளைகள் ‘மிட்ஃபீல்டர்’ என்கிறார்கள். பாகிஸ்தான் தேசிய அணிக்குக் கேப்டனாகவும் இருந்தவர். நம்மில் அனேகம் பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். 2023 வரை நானும் கேள்விப்பட்டதில்லை.

பாகிஸ்தான் கால்பந்தைப் பற்றி உனக்கு என்னய்யா அக்கறை என்று கேட்பீர்கள். அக்கறை என்று சொல்ல முடியாது, கோபம்தான். கொஞ்ச நாளாக உள்ளேயே கிடக்கிறது. எழுதிவிட்டால் ரத்த அழுத்த மாத்திரை ஒன்றாவது மிச்சமாகும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

2023 ஜூன் மாதம் பெங்களூரில் மகள் வீட்டில் இருந்தேன். தெற்காசியக் கால்பந்துப் போட்டி அங்கே கண்டீரவா மைதானத்தில் நடந்தது. ஜூன் 21 அன்று இந்தியா – பாகிஸ்தான் ஆட்டம். “வாங்க தாத்தா, டிவியில எத்தனை நாளைக்குப் பாக்கிறது” என்று பேரன் இழுத்துக்கொண்டு போனான். நல்ல மழை. முழங்கால் வலியோடு படியேறி உட்கார்ந்தால், பத்தாவது நிமிஷத்திலேயே சுனில் சேத்ரி கோல் போட்டுவிட்டார். பாகிஸ்தான் கோலி கையிலிருந்த காரியத்தைக் கோட்டை விட்ட கோல் அது. சேத்ரி மட்டும் அன்றைக்கு மூன்று. முடிவில் 4–0.

எனக்குப் பின்னால் தமிழ்க்காரர் ஒருவர் இருந்தார். ஐம்பது வயது இருக்கும். ஒவ்வொரு கோலுக்கும், “இவனுங்களுக்குக் கிரிக்கெட்டை விட்டா என்ன தெரியும்? காலை எங்க வைக்கிறதுன்னே தெரியலையே” என்று கத்தினார். சுற்றி எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை ஒப்புக்கொண்டுவிட்டு மேலே எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகு பேரன் போனைப் பார்த்து ஒரு செய்தி சொன்னான். பாகிஸ்தான் அணிக்கு விசா கிடைக்கத் தாமதமாகி, மொரீஷியஸிலிருந்து மும்பை வழியாக, ஆட்டம் நடக்கும் அன்றைக்குத்தான் பெங்களூர் வந்து சேர்ந்தார்களாம். பெட்டியைப் பிரிக்கக்கூட நேரம் இல்லாமல் மைதானத்துக்கு வந்தவர்களைப் பார்த்துத்தான் நாங்கள் சிரித்திருக்கிறோம். அன்று ராத்திரி சரியாகத் தூக்கம் வரவில்லை. மறுநாளிலிருந்து, ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை, அந்த நாட்டுக் கால்பந்துக் கதையைத் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். விசா தாமதம் அந்தக் கதையில் ஒரு தூசுதான் என்று போகப் போகத் தெரிந்தது.

முதலில் தேதிகளைச் சொல்கிறேன். குமாஸ்தா புத்தி, தேதி இல்லாமல் எனக்குப் பேச வராது.

2015 மார்ச் மாதம் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் யேமனோடு இரண்டு ஆட்டம். முதல் ஆட்டம் தோஹாவில், 3–1 தோல்வி. அடுத்தது லாகூரில் நடந்திருக்க வேண்டியது. அதற்கு இரண்டு நாள் முன்னால் லாகூரில் தேவாலயங்களில் குண்டு வெடித்தது. ஆட்டத்தைப் பஹ்ரைனுக்கு மாற்றினார்கள். மார்ச் 23 அன்று 0–0. அதோடு சரி. அதற்கு அடுத்த முழு சர்வதேச ஆட்டத்தை பாகிஸ்தான் அணி ஆடியது 2018 செப்டம்பர் 4-ல், டாக்காவில். நடுவே மூன்று வருடம் ஐந்து மாதம்.

அங்கிருந்து 2019 ஜூன் 11 வரை ஆடினார்கள். கடைசி ஆட்டம் கம்போடியாவோடு. சொந்த நாட்டு ஆட்டம் என்று கணக்கு, ஆனால் ஆடியது தோஹாவில். அதற்கு அடுத்த ஆட்டம் 2022 நவம்பர் 16, காட்மாண்டுவில் நேபாளத்தோடு. மறுபடியும் மூன்று வருடம் ஐந்து மாதம்! நானும் நம்பாமல் காலண்டரை வைத்து இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன்.

இப்போது சதாம் உசேனுக்கு வருவோம். முதல் இடைவெளி தொடங்கும்போது அவருக்கு வயது கிட்டத்தட்ட 22. முடியும்போது 25. இரண்டாவது இடைவெளி தொடங்கும்போது 26. முடியும்போது 29. நடுவே கிடைத்தது ஒரு வருடத்துக்கும் குறைவான காலம், ஏழே ஏழு ஆட்டம். ஒரு ஹாஃப் ஆட்டக்காரனுக்கு உடம்பும் புத்தியும் சேர்ந்து வேலை செய்கிற வயது எது என்று பந்து உதைத்த யாரையாவது கேளுங்கள். 22-லிருந்து 29 என்பார்கள். அந்த ஏழு வருடத்தை அப்படியே எடுத்துச் சாப்பிட்டுவிட்டார்கள்.

யார் சாப்பிட்டது என்பதுதான் விஷயம். கிரிக்கெட் சாப்பிட்டது என்கிறார்கள். நம் ஊரிலும் அப்படித்தான் சொல்வோம், கால்பந்து, ஹாக்கி, கபடி எது நொடித்தாலும் பழியைக் கிரிக்கெட் தலையில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. பாகிஸ்தான் விஷயத்தில் இது சுத்தப் பொய். கராச்சியில் லியாரி என்று ஒரு பேட்டை இருக்கிறது. பலூச்சி மக்கள் நிறைய வாழும் இடம். உலகக் கோப்பை வந்தால் தெருவெல்லாம் பிரேசில் கொடி கட்டி, ராத்திரியில் திரை போட்டு ஆட்டம் பார்க்கிற ஜனங்கள். பலூசிஸ்தானில் ஆப்கன் எல்லையில் சமன் என்ற ஊர், அங்கிருந்து தேசிய அணிக்கு வந்தவர்கள் பல பேர். கிரிக்கெட் வந்து அந்தப் பையன்களின் காலைக் கட்டவில்லை. கோர்ட்டும் ஃபைலும் நாற்காலியும் கட்டின.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், விவரமாகச் சொன்னால் வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கும். 2003-லிருந்து பாகிஸ்தான் கால்பந்துக் கூட்டமைப்புக்குத் தலைவர் ஃபைசல் சாலே ஹயாத். மத்திய மந்திரியாகவும் இருந்த அரசியல்வாதி. 2015-ல் தேர்தல் தகராறு கிளம்பியது. இரண்டு கோஷ்டி, இரண்டும் நான்தான் உண்மையான கூட்டமைப்பு என்றது. வழக்கு லாகூர் ஹைகோர்ட்டுக்குப் போனது. கோர்ட் ஒரு நிர்வாகியை நியமித்தது. வெளியார் தலையிடக் கூடாது என்பது ஃபிஃபாவின் விதி. 2017 அக்டோபரில் பாகிஸ்தானைத் தடை செய்தார்கள். 2018 மார்ச்சில் நீக்கினார்கள். அந்த வருடக் கடைசியில் சுப்ரீம் கோர்ட் உத்தரவின்படி ஒரு தேர்தல் நடந்தது. ஜெயித்தவர்களை ஃபிஃபா ஏற்கவில்லை. 2019-ல் தானே ஒரு குழுவைப் போட்டது. 2021 மார்ச் மாதம், தேர்தலில் ஜெயித்த கோஷ்டி லாகூரில் இருந்த தலைமை அலுவலகத்துக்குள் புகுந்து அதைக் கைப்பற்றிவிட்டது. அப்போது கராச்சியில் பெண்களுக்கான தேசியப் போட்டி நடந்துகொண்டிருந்தது. அது பாதியில் நின்றது. ஏப்ரலில் மறுபடி தடை. 2022 ஜூன் கடைசியில்தான் நீங்கியது.

இதில் எந்த இடத்திலாவது கிரிக்கெட் வருகிறதா?

தேசிய லீக்கும் கூடவே படுத்தது. 2014–15 பருவத்தில் கே–எலெக்ட்ரிக் அணி ஜெயித்தது. அடுத்த லீக் 2018–19-ல்தான். நடுவே மூன்று பருவம் காணாமல் போனது. 2021-ல் ஒன்று தொடங்கி அதுவும் நடுவிலேயே நின்றுபோனது. ஆக, வெளிநாட்டோடும் ஆட்டம் இல்லை, உள்ளூரிலும் ஆட்டம் இல்லை. ஒருவன் எங்கே போய் ஆடுவான்? மொட்டை மாடியிலா?

நான் ஏன் குறிப்பாக ஹாஃப் ஆட்டக்காரனைப் பிடித்துக்கொண்டேன் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் இலாகாவில், பெயர் வேண்டாம், விளையாட்டுக் கோட்டாவில் ஒரு பையன் வேலைக்கு வந்தான். லெஃப்ட் ஹாஃப். என்னைவிடப் பத்து வயது இளையவன். சாயந்திரம் அவன் ஆடுவதைப் பார்க்க நாங்கள் நாலைந்து பேர் மைதானத்துக்குப் போவோம். அவன் கோல் போட்டு நான் பார்த்ததே இல்லை. ஆனால் அவன் இல்லாத அன்றைக்கு எங்கள் அணி ஜெயித்தும் பார்த்ததில்லை. பந்து யார் காலுக்குப் போகப் போகிறது என்று மற்றவர்களுக்கு முன்னால் அவனுக்குத் தெரிந்துவிடும். அங்கே போய் நின்றுகொண்டிருப்பான்.

ஒரு வருடம் அந்த வட்டாரச் சங்கத்துக்குள் இரண்டு பேருக்குச் சண்டை. லீக் நடக்கவில்லை. அடுத்த வருடமும் நடக்கவில்லை. மூன்றாவது வருடமும் நடக்கவில்லை. அந்த இரண்டு பேரும் என்ன ஆனார்கள்? ஒன்றும் ஆகவில்லை. சண்டையில்லாத கல்யாண வீடுகளில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பையனுக்கு 24-லிருந்து 27 ஆகிவிட்டது. மறுபடி லீக் வந்தபோது அவனால் முன்மாதிரி ஓட முடியவில்லை. ஓட்டம் போனாலும் பரவாயில்லை, அந்த முன்கூட்டித் தெரிகிற புத்தி போய்விட்டது. அதற்குப் பிறகு ரிட்டயர் ஆகிறவரை எனக்கு அடுத்த மேஜையில் ஃபைலுக்கு நம்பர் போட்டுக்கொண்டிருந்தான்.

ஒரு நாள் டீக்கடையில் சொன்னான்: “அண்ணே, ஃபார்வர்டுக்கு கோல் கணக்கு இருக்கு. பேப்பரை வெட்டி ஃபைல்ல வச்சுக்கிட்டு எவன்கிட்டயும் போய்க் காட்டலாம். கோலிக்கும் ஏதோ ஒரு கணக்கு இருக்கு. ஹாஃபுக்கு என்னண்ணே இருக்கு? கூட ஆடுறவனுக்கு மட்டும்தான் தெரியும். ஆடவே விடலைன்னா அவனுக்கும் தெரியாது.”

பாகிஸ்தான் கதையைப் படிக்கும்போதெல்லாம் இந்தப் பேச்சுதான் காதில் கேட்டது. சமன் ஊர்க்காரர் கலீமுல்லா கான், ஃபார்வர்ட். கிர்கிஸ்தானில் டோர்டோய் பிஷ்கெக் அணிக்குப் போய் கோல் மழை பொழிந்து, அங்கிருந்து அமெரிக்காவில் சாக்ரமெண்டோவுக்கும் டல்சாவுக்கும் போனார். கெட்டிக்காரர், சந்தேகமில்லை. ஆனால் எடுத்துக் காட்ட அவரிடம் ஒரு எண் இருந்தது. நடுக்களத்தில் ஆடுகிறவனை ஒரு பயிற்சியாளர் கண்ணால் பார்த்தால்தான் உண்டு. பார்க்க வேண்டுமானால் ஆட்டம் நடக்க வேண்டும்.

அந்தச் சின்ன இடைவெளியில் சதாம் உசேன் தலைமையில் அணி என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ‘ஆடியிருந்தால் மட்டும் கிழித்திருப்பார்களோ’ என்பீர்கள். 2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் நேபாளத்தை 2–1 என்று ஜெயித்தார்கள். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் பாகிஸ்தான் 44 வருடம் கழித்துப் பெற்ற வெற்றி. அடுத்த மாதமே டாக்காவில் தெற்காசியப் போட்டி. நேபாளத்தை 2–1, பூட்டானை 3–0 என்று ஜெயித்து அரையிறுதிக்குப் போனார்கள். அங்கே இந்தியாவிடம் 3–1 தோல்வி. பயிற்சியாளர் நொகேரா என்ற பிரேசில்காரர். மூன்று வருடம் கூட்டாக ஆடாத அணி, லீக் இல்லாத நாட்டு அணி, சில மாதப் பயிற்சியில் இவ்வளவு செய்தது. அந்த அணியைத்தான் 2019 ஜூனுக்குப் பிறகு மூட்டை கட்டி மூலையில் வைத்தார்கள்.

நடுவே கொரோனா வந்ததே என்று கேட்டால், ஆமாம், வந்தது. எல்லா நாட்டுக்கும் வந்தது. மற்ற நாடுகள் 2021-ல் ஆட ஆரம்பித்துவிட்டன. இவர்கள் அலுவலகச் சாவி யாரிடம் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

வயிற்றுப்பாடு இன்னொரு பக்கம். பாகிஸ்தானில் கால்பந்து ஆடுகிறவனுக்குச் சோறு போட்டது இலாகா அணிகள்தான். நம் ரயில்வே, வங்கி அணிகள் மாதிரி. அங்கே லீக் ஜெயித்த அணிகளின் பெயரைக் கேட்டால் சிரிப்பு வரும். வாப்டா என்பது தண்ணீர், மின்சார வாரியம். ராணுவம் ஒரு அணி. ஐந்து தடவை ஜெயித்த கே.ஆர்.எல். என்பது கான் ஆராய்ச்சிக்கூடம், அணுகுண்டுக்கு யுரேனியம் செறிவூட்டிய அதே இடம்! சதாம் ஆடியது சூயி சதர்ன் கேஸ் கம்பெனிக்கு. சிரிக்கலாம்தான், ஆனால் மாதச் சம்பளம், ஆஸ்பத்திரி வசதி, கால் உடைந்தால் உட்கார ஒரு நாற்காலி எல்லாம் அதில் இருந்தது.

இம்ரான் கான் பிரதமரானதும் இந்த இலாகா விளையாட்டே வேண்டாம், பிரதேச அணிகள் இருந்தால் போதும் என்று முடிவு செய்தார். முதலில் கிரிக்கெட்டில் செய்தார், பிறகு எல்லா விளையாட்டுக்கும். அவர் சொன்ன நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஊருக்காக ஆடும் அணிக்கு ஜனங்கள் கூடுவார்கள், கேஸ் கம்பெனிக்கு யார் கைதட்டுவார்கள்? ஆனால் ஐயா, புது வீடு கட்டி முடிக்காமல் பழைய வீட்டை இடித்தால் குடித்தனக்காரன் எங்கே போவான்? கிரிக்கெட்காரனுக்கு வாரியத்தில் பணம் இருக்கிறது, எப்படியும் பிழைப்பான். கால்பந்துக்காரனுக்கு அந்தச் சம்பளம் மட்டும்தான் இருந்தது. உலகக் கோப்பை ஜெயித்த கேப்டனுக்கு இது தெரியாதா? 2022-ல் ஷெபாஸ் ஷெரீஃப் வந்து இலாகா அணிகள் மறுபடி வரலாம் என்றார். இடித்த வீட்டுக்கு அனுமதி திரும்பக் கிடைத்தது, வீடு கிடைத்ததா என்பது வேறு கேள்வி.

ஃபிஃபா மேலும் எனக்குக் கோபம் உண்டு. தடை என்றால் யாருக்குத் தடை? நாற்காலிக்குச் சண்டை போட்ட தலைவர் தன் வீட்டில் தேநீர் குடிக்கிறார். அவருக்கு வயதாகி என்ன கெட்டுப்போகப் போகிறது, 50-லும் தலைவர், 65-லும் தலைவர். தண்டனை முழுவதும் போய் விழுவது ஆட்டக்காரன் தலையில். வகுப்பில் வாத்தியார்கள் இருவர் சண்டை போட்டுக்கொண்டால் பிள்ளைகளைப் பரீட்சை எழுத விடாமல் தடுக்கிற மாதிரி. தடை போடாமல் விட்டிருந்தால் அந்தக் கோஷ்டிச் சண்டை முடிந்திருக்குமா என்று கேட்டால் எனக்குப் பதில் இல்லை. ஆட்களைத் தடை செய், ஆட்டத்தை நடத்து என்று ஒரு வழி கண்டுபிடிக்க அவர்களிடம் பணமும் வக்கீல்களும் இல்லையா என்ன?

நாம் மட்டும் யோக்கியமா என்றால் அதுவும் இல்லை. 2022 ஆகஸ்டில் இந்தியாவையும் இதே வெளித்தலையீட்டுக் காரணத்துக்காக ஃபிஃபா தடை செய்தது. மறந்திருப்பீர்கள், ஏனென்றால் பத்துப் பதினொரு நாளில் நீங்கிவிட்டது. அக்டோபரில் 17 வயதுக்குட்பட்ட பெண்களின் உலகக் கோப்பை இங்கே நடக்க இருந்தது. அது கையை விட்டுப் போய்விடும் என்றதும் சுப்ரீம் கோர்ட், மத்திய அரசு எல்லாரும் ஓடினார்கள். அடுத்த வருடம் இலங்கைக்குத் தடை, ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் வரை. அங்கே ஓடுவதற்கு இவ்வளவு பேர் இல்லை. பாகிஸ்தானில் சுத்தமாக யாரும் இல்லை.

எனக்கு ஒரு பழைய ஆட்டம் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. 2005 ஜூன் 12, குவெட்டாவில் இந்தியா – பாகிஸ்தான். இந்திய அணிக்கு முதல் ஆட்டம் ஆடிய 20 வயதுப் பையன் ஒருவன் கோல் போட்டான். பாகிஸ்தானுக்குச் சமன் ஊர்க்காரர் முகமது ஈசா பதில் கோல் போட்டார். நடுக்களத்துக்கும் முன்வரிசைக்கும் நடுவே ஆடுகிறவர், அந்தப் பையனைவிட ஒரு வயதுதான் மூத்தவர். 1–1. பெஷாவரில் இந்தியா 1–0. லாகூரில் பாகிஸ்தான் 3–0. தொடர் சமமாக முடிந்தது. அன்றைக்கு இரண்டு அணியையும் பக்கத்தில் நிறுத்தினால் எது உசத்தி என்று சொல்ல முடியாது. குவெட்டாவில் முதல் கோல் போட்ட அந்தப் பையன் சுனில் சேத்ரி. நாட்டுக்காக 95 கோல் போட்டுவிட்டார். ஈசாவின் கணக்கு 11-ல் நின்றது. சேத்ரியின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சேத்ரிக்கு ஒவ்வொரு வருடமும் ஆட்டம் இருந்தது. 38 வயதில் பெங்களூர் மழையில் மூன்று கோல் போட்டபோது எதிரே நின்ற பையன்களுக்கு அது இருந்ததில்லை.

பின்னால் உட்கார்ந்து கத்திய அந்தத் தமிழ்க்காரரிடம் இதைச் சொல்ல வேண்டும் போல இருக்கிறது. சிரித்த எனக்கும் சேர்த்துத்தான்.

இப்போது ஒரு நல்ல செய்தி. 2023 அக்டோபர் 17, இஸ்லாமாபாத், ஜின்னா மைதானம். உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம் ஒன்று சொந்த மண்ணில் நடந்து 12 வருடம் ஆகியிருந்தது. எதிரே அதே கம்போடியா. பயிற்சியாளர் ஸ்டீஃபன் கான்ஸ்டன்டைன், நம் இந்திய அணிக்கு இரண்டு தடவை பயிற்சி கொடுத்த அதே ஆள், வந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. இரண்டாம் பாதியில் ஹாரூன் ஹமீத் என்ற 19, 20 வயதுப் பையன் கோல் போட்டான். 1–0. தகுதிச் சுற்றில் பாகிஸ்தான் முதன்முதலாக ஆடியது 1989-ல். 34 வருடத்தில் முதல் வெற்றி இது.

ஹாரூன் ஹமீத் ஒரு மிட்ஃபீல்டர். இங்கிலாந்தில் வளர்ந்தவன். லண்டனில் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் இளைஞர் அணியில் ஆட்டம் கற்றவன்.

உடனே ஒரு கூட்டம் கிளம்பியது. இறக்குமதி சரக்கு, சொந்த மண்ணில் ஆள் இல்லையா, என்று. இதைச் சொல்கிறவர்களைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை. அந்தப் பையன் அப்பன் பாட்டன் ஊருக்காக வந்து ஆடுகிறான், அவனைக் குறை சொல்ல இவர்கள் யார்? அவனுக்கு முன்னாலும் ஜெஷ் ரஹ்மான் வந்தார், இங்கிலாந்து பிரீமியர் லீகில் ஃபுல்ஹாம் அணிக்கு ஆடியவர். ஓட்டிஸ் கான் வந்தார், அவரும் நடுக்களம்தான். எல்லாரும் நல்ல மனசோடுதான் வந்தார்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு. லண்டனில் பத்து வயதிலிருந்து வாராவாரம் ஆட்டம் நடந்ததால் ஒரு ஹாரூன் வந்தான். கராச்சியில் வாராவாரம் ஆட்டம் நடக்கவில்லை, அதனால் வரவில்லை. 24 கோடி ஜனங்கள் உள்ள நாட்டில் திறமை இல்லாமலா போயிற்று? உலகக் கோப்பைக்குப் பந்து செய்து கொடுப்பதே சியால்கோட் ஊர்தான். 2014, 2018, 2022 மூன்று உலகக் கோப்பைக்கும் அங்கிருந்து பந்து போனது. இதை எல்லாரும் எழுதிவிட்டார்கள், நானும் எழுதாமல் விட மனசு வரவில்லை.

கம்போடியாவை ஜெயித்து அடுத்த சுற்றுக்குப் போனார்கள். சவூதி, ஜோர்டான், தஜிகிஸ்தான். ஆறு ஆட்டம், ஆறும் தோல்வி. ஜோர்டானோடு ஒரு ஆட்டத்தில் 7–0. ‘பார்த்தாயா’ என்று மறுபடி சிரிப்பு. ஏழு வருடம் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தவனைக் கொண்டுபோய்க் காலேஜ் பரீட்சையில் உட்கார வைத்தால் என்ன மார்க் வரும் என்று எதிர்பார்த்தார்களோ தெரியவில்லை.

இதற்குப் பிறகாவது புத்தி வந்ததா? 2025 பிப்ரவரி 6-ல் மூன்றாவது தடவையாகத் தடை. இந்தத் தடவை கூட்டமைப்பின் சட்டவிதிகளைத் திருத்துவதில் தகராறு. மார்ச் 2-ல் தடை நீங்கியது. ஆசியக் கோப்பைத் தகுதி ஆட்டம் சிரியாவோடு மார்ச் 25-ல், சவூதியில். இருபத்து மூன்று நாள். அது முழுக்க நோன்பு மாதம் வேறு. நோன்பு வைத்துக்கொண்டு பயிற்சி எடுத்த அந்தப் பையன்கள் 2–0 என்று தோற்றார்கள். மே மாதம் ஒருவழியாகத் தேர்தல் நடந்து புதுத் தலைவர் வந்தார். பயிற்சியாளராக நோல்பெர்டோ சோலானோவைக் கூட்டி வந்திருக்கிறார்கள். பெரு நாட்டுக்காரர், நியூகாசிலில் ஆடியவர். அவரும் மிட்ஃபீல்டர்.

சதாம் உசேனுக்கு அப்போது வயது 32.